லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கம்: படகுப் பயணம் எப்படி?

பஃபின் பறவைகளைப் பார்க்கத்தான் சீஹவுசஸ் துறைமுகத்தில் படகு ஏறினேன், கலங்கரை விளக்கம் எனக்கு ஒரு கொசுறு மாதிரிதான். இறங்கி வந்தபோது மனசு முழுக்க அதுதான் இருந்தது.

வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் கடைக்கோடிப் பாறை ஒன்றில், சிவப்புச் சுவரில் வெள்ளைப் பட்டை போட்டு நிற்கிறது லாங்ஸ்டோன். முன்பு பிரவுன்ஸ்மன் தீவில் இருந்த விளக்கு வெளிப்பாறைகளைக் காட்ட உதவவில்லை என்று 1826ல் இங்கே கட்டினார்கள். பாறையில் எதுவும் விளையாது, அதனால் காவலர் வில்லியம் டார்லிங் குடும்பம் காய்கறித் தோட்டத்துக்குப் பழைய தீவுக்கே படகில் போய்வந்தது.

உள்ளே சுழல் படியில் மூச்சு வாங்க ஏறினால் அவர் மகள் கிரேஸின் சின்ன அறை வரும். 1838 செப்டம்பர் 7 விடியற்காலையில், பாறையில் மோதி உடைந்து கிடந்த ஃபார்ஃபர்ஷையர் நீராவிக் கப்பலை 22 வயது கிரேஸ் பார்த்தது இங்கே ஜன்னல் வழியாகத்தான். அந்த ஜன்னல் கிட்டே நின்று பாருங்கள், பாறை அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது, ஆனால் அன்று அதில் தப்பிக் கிடந்தவர்களை மீட்கக் காற்றுக்கு ஒதுங்கிச் சுற்றிப் போனதால் அப்பாவும் மகளும் கிட்டத்தட்ட ஒரு மைல் துடுப்பு போட வேண்டியிருந்தது. அவள் தனியாகப் போய் எல்லோரையும் காப்பாற்றினாள் என்கிற கதையெல்லாம் பிறகு ஊதியது. என்னைக் கேட்டால் நிஜம்தான் இன்னும் பெரிசு: அப்பா பாறையில் குதித்துவிட்டார், அவர் ஆட்களை ஏற்றும்வரை அந்த அலையில் படகு பாறையில் மோதாமல் இரண்டு துடுப்பையும் அவள் ஒருத்தியே பிடித்துச் சமாளித்தாள். மொத்தம் ஒன்பது பேர், இரண்டு நடை. இரண்டாவது நடைக்கு அப்பா, மீட்ட ஆட்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் அவளுக்கு நிம்மதியே இல்லை, ஓவியர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், முடியில் ஒரு கற்றை கேட்டுக் கடிதம் வேறு. 1842ல் 26 வயதில் காசநோயில் போய்விட்டாள்.

குறை என்றால், எங்கள் படகில் ஒலிபெருக்கியும் இன்ஜினும் போட்டி போட்டதில் பாதி விளக்கம் காதில் விழவில்லை. அலை கூடினால் தீவில் இறக்க மாட்டார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். நான் செய்த தப்பு, பாம்பரோவில் இருக்கும் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வைத்தது. கிரேஸும் அப்பாவும் துடுப்பு போட்ட அதே படகு அங்கே இருக்கிறது, சுமார் 21 அடிதான். முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.