தோட்டத்து விளக்குக்கு 230 வோல்ட்டா, 12 வோல்ட்டா, சோலாரா?

அக்டோபரில் மழை விட்டிருந்த ஒரு மாலை. பெங்களூரு ராமமூர்த்தி நகர் வீட்டில், செம்பருத்திக்கு அடியில் கிடந்த இலைகளை அம்மா பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து விளக்குக் கம்பத்தில் கை பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார். “முள்ளு குத்தின மாதிரி இருந்துச்சுடா, ஆனா முள்ளைக் காணோம்” என்றார். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், கம்பத்தில் எரிந்தது.

வீடு கட்டியபோது போட்ட 230 வோல்ட் விளக்கு அது. மூடியின் ரப்பர் வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. எர்த் வயர் சுவர்ப் பெட்டியோடு நின்றுவிட்டது, கம்பம் வரை வரவே இல்லை. மின்சாரம் கசிந்தால் லைனைத் தானே அணைக்கும் ஆர்சிசிபியும் அந்த லைனுக்குக் கிடையாது. அம்மா ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் ஒரு சுருக்கோடு போயிற்று. அன்று அணைத்த லைனை நான் திரும்பப் போடவில்லை. அடுத்த சில மாதங்கள் மூன்று வழிகளையும் பார்த்து, இரண்டை வாங்கிப் போட்டும் பார்த்தேன்.

முதலில் 230 வோல்ட். முறையாகச் செய்தால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள், இரண்டரை அடி ஆழம், மேலே மணலும் செங்கல்லும், ஒவ்வொரு விளக்குக்கும் எர்த், லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கேபிள் நுழையும் இடத்தைத் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட். இவ்வளவும் இருந்தால் எத்தனை வருஷமானாலும் நிற்கும். ஆனால் 30க்கு 40 அடி சைட்டில் வீடு கட்டும் நம்மில் எத்தனை பேர் தோட்டத்துக்கு இப்படிச் செய்கிறோம்? மிஞ்சிய வயரை ஒரு பிவிசி பைப்பில் நுழைத்து அரை அடி ஆழத்தில் புதைத்துவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் வாழைக்கன்று வைக்க ஒருவர் மண்வெட்டி போடுவார், பெருச்சாளி வேறு வளை தோண்டும். சுவருக்குள் போகும் வயர் அசையாமல் கிடக்கும். தோட்டத்து மண்ணை யாராவது கிளறிக்கொண்டேதான் இருப்பார்கள்.

12 வோல்ட்டின் பக்கம் நான் சாய்ந்தது இங்கேதான். ஈரமான உடம்பின் தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் வழியாக 230 மில்லி ஆம்பியர் பாயும், அது இதயத்தை நிறுத்தப் போதும். 12 வோல்ட்டில் அதே கணக்கு 12 மில்லி ஆம்பியர். வெறும் காலோடு, ஒரு கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இந்த வித்தியாசம்தான் உயிர். நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள் வைக்கும் விளக்குகளுக்கும், மாறுதிசை மின்சாரமானால் 12 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதே விதி.

ஒன்றை மறக்கக் கூடாது. 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குள் வருவது அதே 230 வோல்ட்தான். அதை எலக்ட்ரீஷியன்தான் இணைக்க வேண்டும், ஆர்சிசிபி உள்ள லைனிலிருந்து எடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரோ, அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் எஸ்எம்பிஎஸ்ஸோ, உள்ளே வரும் லைனும் வெளியே போகும் லைனும் முழுக்கப் பிரிந்திருக்கும் நல்ல வகையாக வாங்குங்கள். பெயரில்லாத மலிவு சரக்கை வாங்கினால், எதற்காக 12 வோல்ட்டுக்கு வந்தோமோ அதுவே போய்விடும். எங்கள் வீட்டில் அது போர்டிகோ சுவரில், மழை படாத பெட்டிக்குள் இருக்கிறது.

கடையில் “12 வோல்ட் போட்டால் கரண்ட் பில் குறையும் சார்” என்பார்கள். அது சரியில்லை. பில்லைத் தீர்மானிப்பது வாட், வோல்ட் இல்லை. எங்கள் எட்டு விளக்கும் தலா 5 வாட் எல்இடி, மொத்தம் 40 வாட். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 6 யூனிட். அதே இடத்தில் பழைய 35 வாட் ஹாலஜன் இருந்தால் 42 யூனிட் ஆகும். மிச்சம் பிடித்தது எல்இடி. 230 வோல்ட் எல்இடி போட்டாலும் ஏறத்தாழ அதே 6 யூனிட்தான்.

12 வோல்ட்டின் உண்மையான தொல்லை வயரில் இருக்கிறது. 40 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.17 ஆம்பியர் போதும், 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் வேண்டும். நான் முதலில் எட்டு விளக்கையும் ஒரே 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் கோத்தேன். போர்டிகோவுக்குப் பக்கத்தில் இருந்தவை நன்றாக எரிந்தன, தென்னைக்கு அடியில் இருந்தது அழுது வடிந்தது. விளக்கெல்லாம் 20 மீட்டர் கோடியில் இருப்பதாகக் கணக்குப் போட்டால், போக வர 40 மீட்டர் செம்பு வயரின் தடை சுமார் 0.48 ஓம். அதிலேயே 1.6 வோல்ட் போய்விடுகிறது. இடையிடையே இருந்தால் இழப்பு குறையும், ஆனாலும் கண்ணுக்குத் தெரியும். வயரை 2.5 சதுர மில்லிமீட்டராக்கினால் இழப்பு 1 வோல்ட்டாகும். நான் எட்டையும் நான்கு நான்காகப் பிரித்து, பெட்டியிலிருந்து இரண்டு தனி லைன் இழுத்தேன். இழப்பு பாதியாகி வெளிச்சம் சமமாயிற்று. தோட்டம் பெரிதென்றால் ஆரம்பத்திலேயே 24 வோல்ட் விளக்குகளாக வாங்கிவிடுவது மேல்.

ஜாயின்ட்டையும் அலட்சியமாக விடாதீர்கள். முறுக்கி டேப் சுற்றி மண்ணில் விட்டால் செம்பு பச்சை பூத்துவிடும். ஜெல் நிரப்பிய கனெக்டர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தூசியும் தண்ணீரும் எவ்வளவு புகாது என்பதைச் சொல்லும் ஐபி எண்ணையும் பாருங்கள்: தரையில் பதிக்கும் விளக்கு ஐபி 67, குத்தி வைப்பது ஐபி 65, இதற்குக் குறைந்து வேண்டாம்.

சோலார் விளக்கை நடைபாதை ஓரம் நான்கு வைத்துப் பார்த்தேன். பிப்ரவரி, மார்ச் வெயிலில் நடுராத்திரி வரை எரிந்தன. ஜூலை வந்ததும் பெங்களூரு வானம் மூடிக்கொண்டது, எட்டரை மணிக்கே மங்கின. மரநிழலில் வைத்தவை வெயில் காலத்திலும் சரியாக எரியவில்லை. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை ஓரிரு வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ஆனாலும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டாம், தோண்ட வேண்டாம், காலி செய்யும்போது பிடுங்கிக்கொண்டு போகலாம். மொட்டை மாடித் தொட்டிகளுக்கும் அருமை. எங்கள் நான்கும் இப்போது மாடியில்தான்.

12 வோல்ட்டில் ஒரு பலவீனம், எஸ்எம்பிஎஸ் போனால் எட்டும் ஒன்றாக அணையும். 230 வோல்ட் எல்இடியில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் தனி டிரைவர் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றவை எரியும். ஆனால் அந்த டிரைவர்கள் எல்லாம் மழையில் நிற்கின்றன, எங்கள் எஸ்எம்பிஎஸ் கூரைக்குக் கீழே. அதை யூபிஎஸ் லைனில் கொடுத்திருக்கிறேன். 40 வாட் என்பதால் கரண்ட் போனாலும் பேட்டரிக்குப் பெரிய சுமை இல்லை.

எதை வாங்கினாலும், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 3000க்குள் இருக்கும் மஞ்சள் சாயல் வெளிச்சமாகப் பாருங்கள். வெள்ளை வெளிச்சத்துக்கு வரும் அளவு பூச்சி இதற்கு வராது. மே மாத மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நாளில் எந்த விளக்கானாலும் ஒரு மணி நேரம் அணைத்துவிட வேண்டியதுதான்.

கேட் தூண் விளக்குகளும் கார் நிற்கும் இடத்து ஃபிளட் லைட்டும் எங்கள் வீட்டில் இன்னும் 230 வோல்ட்தான். உயரத்தில், சுவரில், எர்த்தோடும் ஆர்சிசிபியோடும் இருக்கின்றன, மாற்றக் காரணம் இல்லை. மண்ணில் நிற்பவை எல்லாம் 12 வோல்ட். வயரை இரண்டு முழம் கூடுதலாகச் சுருட்டி விட்டிருப்பதால் விளக்கைப் பிடுங்கி இடம் மாற்ற முடிகிறது. போன வாரம் பவளமல்லி பூக்க ஆரம்பித்தது. செம்பருத்தியடியில் இருந்த விளக்கை அம்மாவே எடுத்து அதன் கீழே குத்தி வைத்திருந்தார், என்னைக் கூப்பிடாமலே.