பெட்ரல் கணக்கெடுப்பில் ஆடியோமாத்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பசிபிக் கடலிலுள்ள மிட்வே தீவின் போனின் பெட்ரல்கள் மணலில் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவைகள். கடலிலிருந்து அந்தி சாய்ந்த பிறகே கரைக்கு வரும். ஆட்கள் நடந்து எண்ணப் போனால் காலடியில் வளைகள் சரியும். ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவியின் பெரிய பலன் இங்கேதான்: வைக்க ஒரு நடை, எடுக்க ஒரு நடை, அவ்வளவுதான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. மூன்று டபுள்-ஏ பேட்டரி, ஒரு மைக்ரோஎஸ்டி கார்டு போதும்.

பெட்ரல் குரலுக்கு 32 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் (நொடிக்கு 32,000 முறை ஒலியை அளப்பது) தாராளம். அதில் மணிக்குச் சுமார் 230 எம்பி ஆகும். இரவுக்கு 6 மணி நேரம் விடாமல் பதிந்தால் 64 ஜிபி கார்டு 46 இரவுக்கு வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதிந்தால் கார்டைப் பற்றிக் கவலையே இல்லை, பேட்டரிதான் முதலில் தீரும். மூன்று பேட்டரி என்பதால் கொள்ளளவை மூன்றால் பெருக்கிவிடாதீர்கள். அவை தொடர் இணைப்பில் இருப்பதால் கூடுவது வோல்டேஜ் மட்டுமே. கருவிக்கான அமைப்புச் செயலி காட்டும் தினசரி மில்லியாம்பியர்-மணிச் செலவால் ஒரே ஒரு பேட்டரியின் கொள்ளளவை வகுத்துப் பாருங்கள், எத்தனை நாள் வரும் என்று தெரியும்.

அதிகம் பேர் சறுக்குவது நேரத்தில். நாம் மாற்றாவிட்டால் கருவி யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். மிட்வே அதற்கு 11 மணி நேரம் பின்னால். அங்கே 2024 பிப்ரவரி 10 இரவு 8 மணிக்குப் பதிவானது 20240211_070000 என்ற பெயரில் சேமிக்கப்படும். இதைக் கவனிக்காமல் அட்டவணை போட்டால் பட்டப்பகலைப் பதிந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான். பேட்டரி மாற்றினால் கடிகாரத்தையும் மறுபடி சரிபாருங்கள்.

கருவியை வெறும் சர்க்யூட் பலகையாக வெளியே வைக்கவே கூடாது, உப்புக்காற்று அரித்துவிடும். ஒலி புகும் சவ்வுள்ள நீர்புகாப் பெட்டி கட்டாயம் வேண்டும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். சவ்வில் உப்பு படிந்தால் பதிவு மந்தமாகிவிடும். வெளிப் பூச்சியும் விதையும் ஒட்டிக்கொண்டு வராமலிருக்க, ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் லேசான் போன்ற தீவுகளுக்குக் கொண்டுபோகும் துணிப் பொருட்கள் புதியவையாகவும் 48 மணி நேரம் உறையவைத்தவையாகவும் இருக்க வேண்டும் என்பதால், கட்டுவதற்குத் துணிப்பட்டையைவிடப் பிளாஸ்டிக் டை நல்லது.

இனி குறை. கூப்பாட்டின் எண்ணிக்கை பறவைகளின் எண்ணிக்கை ஆகாது. துணை தேடும் இளம் பறவைகள்தான் அதிகம் கத்தும். நிலா வெளிச்சத்தில் குரல் குறையும். மிட்வேயில் லேசான் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகளின் இரைச்சல் வேறு எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே முழுநிலவு இரவுகளைத் தனியாகப் பிரித்து ஒப்பிடுங்கள். தீவில் எலி ஒழிப்பு நடந்தால், அதற்கு முன்னும் பின்னும் கருவியை ஒரே இடத்தில், ஒரே அமைப்பில் வைத்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும். இத்தனை ஜோடி என்று சொல்ல வேண்டுமானால், நிலத்தில் அளந்து பிரித்த சில கட்டங்களிலாவது வளைக்குள் கேமரா விட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.