கிரான் (அரசாங்க மானியம்) வாங்கித் தருகிறேன் என்று கோப்போடு வருபவனிடம் காசு கொடுக்காதீர்கள்: சுங்கை சிப்புட் பக்கம் நடந்தது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், சாலாக், கோலகங்சார் பக்கம் சிறுதொழில் செய்யும் நம் ஆட்கள், முக்கியமாக வீட்டில் பலகாரம் போடும் பெண்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். நான்கு மாதத்தில் 2,730 வெள்ளி (ரிங்கிட்) இழந்திருக்கிறேன். முறுக்கு பாக்கெட் ஒன்றுக்கு எனக்கு நிற்பது ஒரு வெள்ளி கூட இல்லை. எத்தனை பாக்கெட் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாமான் வீட்டில்தான் என் வேலை. முறுக்கு, ஓமப்பொடி, தீபாவளி நேரத்தில் அதிரசம். இரண்டு மளிகைக் கடைக்குப் போடுகிறேன், வாரம் ஒருநாள் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மேசை போடுகிறேன். மாவு அரைக்கப் பெரிய கிரைண்டர் ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பாசார் மாலாமில் ஒரு பையன் வந்து முறுக்கு வாங்கினான். முப்பது வயது இருக்கும். "அக்கா, இவ்வளவு நல்லா செய்றீங்க, இந்தியர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற கிரான் எடுக்கலையா?" என்று கேட்டான். அடுத்த வாரம் நீலக் கோப்போடு வீட்டுக்கே வந்துவிட்டான். கைப்பேசியில் தலைவர்களோடு நின்று எடுத்த படங்கள். 20,000 வெள்ளி, திருப்பிக் கட்டவே வேண்டாம் என்றான்.

நம் ஊரில் கோப்போடு வருபவரை ஏன் நம்புகிறோம் என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். என் அப்பா பால்மரம் வெட்டியவர். 1960ல் ம.இ.கா. கட்சித் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாக வந்துதான் உறுப்பினர் சேர்த்தார்கள். அப்பா சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கொடுத்தார். அந்தக் காசில் உண்மையாகவே தோட்டங்கள் வாங்கப்பட்டன. சங்கத்து ரசீதை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் இவனைப் போன்றவர்கள் தின்கிறார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

சரி, எப்படி ஏமாற்றினான் என்று சொல்கிறேன். முதலில் எஸ்.எஸ்.எம். என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் தொழிலைப் பதிய வேண்டும் என்று 280 வெள்ளி வாங்கினான். பதிவு உண்மையாகவே வந்தது. அதனால்தான் நான் முழுதாக நம்பினேன். ஆனால் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி, அவ்வளவுதான் கட்டணம். இணையத்தில் நாமே செய்யலாம். அடுத்து 'கோப்புக் கட்டணம்' 350. அப்புறம் பெரியது, 'பங்குத் தொகை' 1,500. "அரசாங்கம் சும்மா கொடுக்காதுக்கா, நாம கொஞ்சம் போட்டாத்தான் அவங்க மிச்சத்தைப் போடுவாங்க" என்றான்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பொய்யை ஓர் உண்மையின் மேல் உட்கார வைத்தான். பாதிக்குப் பாதி கொடுக்கும் கிரான் நிஜமாகவே இருந்திருக்கிறது. சிறுதொழில்களை மின்னியல் மயமாக்க பி.எஸ்.என். வங்கி வழியாக வந்தது அது. செலவில் பாதி, அதிகபட்சம் 5,000 வெள்ளி. ஆனால் அந்தப் பணம் நம் கைக்கு வராது. கணக்கு மென்பொருள், இணைய விற்பனை மாதிரியான சேவைகளை விற்கும் பட்டியலிட்ட நிறுவனத்துக்கு நேராகப் போய்விடும். நம் பாதியையும் அந்த நிறுவனத்துக்குத்தான் கட்ட வேண்டும், நடுவில் நிற்கும் பையனுக்கு இல்லை. கிரைண்டர் வாங்க அது உதவவே உதவாது. இதெல்லாம் தெரிந்திருந்தால் அன்றைக்கே கதவைச் சாத்தியிருப்பேன்.

நான் பணம் போட்டது ஒரு பெண்ணின் தனிப்பட்ட கணக்கில். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "எங்க ஆபீஸ் கிராணி கணக்குக்கா" என்றான். கடைசியாக முத்திரை வரி என்று 600 வெள்ளி. அதற்குப் பிறகு, பணம் விழ வேண்டும், ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் கொடுங்கள் என்றான். என் மகள் ஈப்போவில் வேலை செய்கிறாள். அவளிடம் போனில் சொன்னதும் கத்திவிட்டாள். "அம்மா, கார்டைக் கொடுத்தா நாளைக்கு உன்னைத்தான் போலீஸ் தேடி வரும்" என்றாள்.

அவள்தான் போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தைக் காட்டினாள். வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ தட்டினால், அதன் மேல் புகார் இருக்கிறதா என்று தெரியும். நான் காசு போட்ட கணக்கின் மேல் ஏற்கெனவே இரண்டு புகார் இருந்தது. பணம் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் போட்ட பிறகு பார்த்தேன். (புகார் இல்லையென்று வந்தால் ஆள் நல்லவன் என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) மோசடிப் புகாருக்கென்று உள்ள 997 எண்ணுக்கு அழைத்தோம். மோசடி நடந்த கையோடு அழைத்தால்தான் பணத்தை மறிக்க வாய்ப்பு அதிகம். நான் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டேன். பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தேன்.

அந்தக் கணக்குக்காரியின் பெயரை மறக்க முடியவில்லை. சந்தைக்கு வரும் ஒரு அக்காவிடம் சொன்னதும், "அந்தப் பிள்ளை தோட்டத்துலதானே இருக்கு, காலையில நாசி லெமாக் விக்குமே" என்றார். சண்டை போடத்தான் போனேன். லயத்து வீட்டு வாசலில் இரண்டு சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் பெயர் சொன்னதும் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளிடமும் அதே நீலக் கோப்பு இருந்தது. அவளும் கிரானுக்கு மனுப் போட்டவள்தான். கட்டக் காசில்லாததால் கார்டைக் கொடுத்திருக்கிறாள். அவள் கணக்கு வழியாகத்தான் எங்கள் பணமெல்லாம் போயிருக்கிறது. இப்போது வங்கி கணக்கை முடக்கிவிட்டது, அதில் கிடந்த அவளுடைய 140 வெள்ளியும் சேர்ந்து முடங்கிவிட்டது. கார்டை அடுத்தவருக்குக் கொடுப்பதே இப்போது சட்டப்படி குற்றம் என்பது அவளுக்குத் தெரியாது. நான் திட்ட வைத்திருந்த ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே போலீஸ் நிலையம் போனோம்.

நம் சமூகத்துக்கு உள்ள திட்டங்களை அப்புறம்தான் விசாரித்தேன். சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசாங்க அமைப்பான தெக்குன் நேஷனலின் ஸ்புமி திட்டம் இருக்கிறது. சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்கு 'பென்' திட்டம், பேங்க் ராக்யாட்டில் 'பிரிஃப்-ஐ'. மூன்றுமே கடன், திருப்பிக் கட்டியாக வேண்டும். இதைக் 'கிரான்' என்று ஒருவர் சொன்னாலே அவர் பொய் சொல்கிறார். மனுவுக்கு ஏஜெண்டே தேவையில்லை. அதிகாரப்பூர்வப் பக்கம் என்றால் முகவரி பெரும்பாலும் '.gov.my' என்று முடியும். சந்தேகம் இருந்தால் பஸ் ஏறி அலுவலகத்துக்கே போய்விடுங்கள், நானும் அப்படித்தான் போனேன். எனக்கு மலாய் எழுத வராது என்று வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பிக் கொடுத்தாள். ஒரு காசு கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் அந்த நீலக் கோப்பு இருந்தால், கார்டைக் கொடுத்திருந்தால், இன்றைக்கே வங்கியை அழைத்துக் கார்டை நிறுத்துங்கள். கட்டிய ரசீது, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அவன் அனுப்பிய செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். போலீஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால், வாரச் சந்தையில் முறுக்கு மேசைப் பக்கம் வாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் உங்களோடு வருகிறோம்.