செல்வமகளுக்கு மூன்றரை, மகள் கையில் இருக்கும் பாஸ்புக்குக்கு நாலரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்குக்கு ஐந்துக்கு மூன்றரை. 10 வயது முடிந்த பிள்ளை தபால் நிலையத்தில் தன் பெயரில் தொடங்கித் தானே கையெழுத்துப் போட்டு நடத்தும் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு நாலரை. வட்டியை மட்டும் பார்த்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும், முன்னதற்கு 8.2 சதவீதம், பின்னதற்கு வெறும் 4. வீட்டில் இரண்டும் ஓடுகிறது, அதனால்தான் இப்படிப் போடுகிறேன்.

நாங்கள் தண்டையார்பேட்டை. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, நான் வீட்டிலேயே தையல். பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் இரண்டாவது. எங்கள் பக்கம் சேமிப்பு என்றாலே சீட்டுதான், ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு என்று ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் ஓடும். என் மாமியார் சீட்டுப் போட்டே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். செல்வமகள் பற்றிச் சொன்னபோது "இருவத்தோரு வருசம் கழிச்சு வர்ற துட்டு யாருக்குமா வோணும், காலேஜுல பதினெட்டுலயே கேப்பானே" என்றார். அந்தத் திட்டத்தைப் பற்றி நான் படித்த எந்த விளம்பரத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சரி, செல்வமகள் எப்படி என்று பார்ப்போம். 2015 ஜனவரியில் வந்த மத்திய அரசுத் திட்டம். பெண்ணுக்கு 10 வயது ஆவதற்குள் தொடங்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருடம் கட்டினால் போதும், முதிர்வது கணக்குத் தொடங்கியதிலிருந்து 21 வருடத்தில். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், பெண்ணுக்கு 21 வயதானால் பணம் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 3 வயதில் தொடங்கினால் 24 வயதில்தான் முழுப் பணமும் கைக்கு வரும், 9 வயதில் தொடங்கினால் 30 வயதில். 18 வயதுக்கு மேல் கல்யாணம் என்றால் முன்னாடியே முடிக்க விடுவார்கள், ஆனால் படிப்புக்கு அப்படி முழுசாகத் தர மாட்டார்கள். (எந்த ஊர் நியாயம் இது என்று தெரியவில்லை.)

படிப்புக்கு என்ன தருவார்கள் என்றால், பெண்ணுக்கு 18 வயது ஆனாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, போன நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரைக்கும் எடுக்கலாம். அதற்கும் கல்லூரி சேர்க்கைக் கடிதம், கட்டணச் சீட்டு எல்லாம் காட்ட வேண்டும், கட்டணம் எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். ஒரே தடவையாகவோ, வருடத்துக்கு ஒரு தடவை என்று ஐந்து வருடம் வரையோ வாங்கிக்கொள்ளலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 வயதிலிருந்து மாதம் 2,000 கட்டி வருகிறீர்கள், வட்டி கடைசி வரை 8.2 ஆகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 வருடம் முடியும்போது கட்டியது 3,60,000, கணக்கில் இருப்பது சுமார் 6,90,000. ஆனால் 18 வயதில் கல்லூரிக்கு எடுக்க முடிவது 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், ஏனென்றால் முந்தைய வருட இருப்பில் பாதிதான். மீதி உள்ளேயே கிடந்து 24 வயதில் மொத்தமாக எடுக்கலாம், இடையில் எதுவும் எடுக்காமல் விட்டிருந்தால் 11 லட்சம் வந்திருக்கும். வட்டிக்கு வரி கிடையாது, அரசாங்க உத்தரவாதம் உண்டு, அதெல்லாம் நல்லதுதான். மேற்படிப்புக்கோ வேறு நல்லது கெட்டதுக்கோ ஆகும். ஆனால் முதல் வருடக் கல்லூரிக் கட்டணத்துக்கு இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது, மாமியார் சொன்னது அவ்வளவுக்குச் சரி.

வட்டியும் நிலையானது இல்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரசு மாற்றலாம். தொடங்கியபோது 9.1, நடுவில் 7.6 வரை இறங்கியது, 2024 ஜனவரியில் 8.2 ஆனது. இன்னொன்று, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவே இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி, 6ஆம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி போச்சு.

நாங்கள் இதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த சமயம் ஒரு காப்பீட்டு நிறுவன ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, குழந்தைகள் கல்விப் பாலிசி என்று வழுவழு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூன்றாவது வருடம் கட்ட முடியாமல் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன், பேச்சை மாற்றினார். டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

இப்போது நாலரை வாங்கிய கணக்குக்கு வருகிறேன். செல்வமகள் கணக்கு பெற்றோர் நடத்துவது, 18 வயது வரை பிள்ளைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. பெரியவளுக்கு அது பீரோவில் இருக்கும் ஏதோ ஒரு புத்தகம், அவ்வளவுதான். 10 வயது முடிந்ததும் சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுத்தோம், நிலைமையே மாறிவிட்டது. 500 ரூபாய் இருந்தால் தொடங்கலாம், அதற்கப்புறம் 10 ரூபாய்கூடக் கட்டலாம், எடுப்பதென்றால் குறைந்தது 50. படிவம் அவளே நிரப்ப வேண்டும், கையெழுத்தும் அவளே. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் பூராவும் கையெழுத்துப் பழகினாள், முதலெழுத்தை எங்கே வைப்பது என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

பொங்கல் காசு, பிறந்தநாளுக்கு மாமா கொடுத்தது, என் தையலுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்ததற்கு நான் கொடுக்கும் கூலி, எல்லாம் அதில் போனது. எதற்கு என்றால் கேரம் போர்டுக்கு. புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து எங்கள் தெருப் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் கேரம் கிறுக்கு. மன்றத்துப் போர்டில் பையன்கள் இடம் விடுவதில்லை, அதனால் இவளுக்குச் சொந்தப் போர்டு வேண்டும்.

மார்ச் முடிந்து பாஸ்புக்கில் வட்டி ஏறியது. வருடம் முழுக்க 2,000 கிடந்தால்தான் 80 ரூபாய், இவளுக்கு அதைவிடக் குறைவு. "ஒரு ஸ்ட்ரைக்கர்கூட வராதேம்மா இதுல" என்றாள். அப்புறம் அவளாகவே இன்னொன்றும் கவனித்தாள், பீச் ஸ்டேஷன் பக்கம் நாங்கள் சாப்பிடும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), அவள் கணக்குத் தொடங்கியபோது இருந்த விலையில் இப்போது இல்லை. வட்டி ஏறியதைவிட அத்தோ அதிகமாக ஏறியிருக்கிறது. விலைவாசி என்றால் என்ன என்று பாடப் புத்தகத்தில் வரும்போது வரட்டும், இவளுக்கு இது போதும். கல்லூரிக் கட்டணமும் இப்படித்தான் ஏறும், அதனால்தான் உன் பெயரில் இன்னொரு புத்தகம் 8.2 வட்டியில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தாள். "பாதிதான் குடுப்பாங்களா?" என்று சரியாக அவள் ஆயா, அதாவது என் மாமியார், கேட்ட இடத்திலேயே வந்து நின்றாள்.

பணம் எடுக்கப் போன நாளில் இன்னொரு பாடம். கணக்கில் 500 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. அந்த 500 குறைந்ததால் பெரியமேட்டில் பார்த்து வைத்திருந்த பெரிய போர்டு கிடைக்காமல் அதற்கடுத்ததை வாங்கினாள். நான் போட்டுக் கொடுத்திருக்கலாம், போடவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

குறை என்று சொன்னால் மாத நடுவில் கட்டுவது. 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவே உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி, பிள்ளைக்கு இதைப் புரியவைக்கச் சிரமம். வரிசையில் நின்று கட்ட வேண்டும் என்பதைக் குறை என்பீர்களோ என்னவோ, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, கைப்பேசியில் தட்டி அனுப்பும் பணம் பிள்ளைகளுக்குப் பணமாகவே தெரிவதில்லை.

கல்லூரிச் செலவு என்றதும் எல்லோரும் எவ்வளவு சேர்ப்பது என்றே பேசுகிறோம், எந்தப் பள்ளியில் போடுகிறோம் என்பதும் அதில் பாதியைத் தீர்மானிக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பெண்ணாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கும் அந்த 1,000 உண்டு. புதுமைப்பெண்ணைத் தொடங்கி வைத்ததே நம் பாரிமுனைப் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான், 2022 செப்டம்பர் 5. எங்கள் தெருவில் தனியார் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுக் கல்லூரிக்கு எதுவும் மிச்சம் இல்லாமல் நிற்கும் வீடுகள் உண்டு. பெரியவளை ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றியபோது சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாற்றியதால் மிஞ்சும் கட்டணத்தில்தான் இப்போது அவள் பெயரில் ஒரு ஆர்டியும் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) ஓடுகிறது, ஐந்து வருடம், 6.7 சதவீதம், பன்னிரண்டாவது முடிக்கும் நேரத்தில் கைக்கு வரும். முதல் வருடக் கட்டணத்துக்கு அதுதான். அதற்கு மேல் தேவைப்பட்டால் கல்விக் கடன், 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது.

பையன்களுக்குச் செல்வமகள் கிடையாது. பொன்மகன் என்று தபால் நிலையத்தில் சொல்வது பிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதிதான், 7.1 சதவீதம், 15 வருடம். சின்னவனுக்கு இப்போது 7 வயது, இன்றைக்குத் தொடங்கினால் 22 வயதில்தான் முடியும், அதனால் அவனுக்கும் ஆர்டி போடுவதாகத்தான் இருக்கிறோம்.

செல்வமகள் தொடங்குபவர்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார், பான், புகைப்படம் எடுத்துப் போங்கள். ஒரு வருடம் கட்டத் தவறினால் 50 ரூபாய் அபராதம் கட்டிக் கணக்கை உயிர்ப்பிக்கலாம், கணக்கே போய்விட்டது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.