11.50-இல் நிற்பதா, தாண்டுவதா: ஃபாக்ஸ் பாடி மஸ்டாங்கும் டிராக் ஸ்ட்ரிப் சோதனையும்

1987 முதல் 1993 வரை வந்த 5.0 லிட்டர் மஸ்டாங்கை வார நாளில் வேலைக்கும் சனிக்கிழமை இரவில் கால் மைல் ஓட்டத்துக்கும் எடுத்துப் போகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் நிறைய. ஃபாக்ஸ் பாடி என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். கம்பெனி விட்டபடியே ஓட்டினால் 14 நொடியை ஒட்டி ஓடும். ஓட்டத்துக்கு முன் டிராக்கில் நடக்கும் பாதுகாப்புச் சோதனையில் கேட்பதும் சொற்பம்தான். எஞ்சின் சக்தியைக் கூட்டும் சூப்பர்சார்ஜரோ நைட்ரஸோ ஏறிய பிறகுதான், டிராக் ஓட்டங்களை நடத்தும் அமெரிக்க அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப் புத்தகம் வேலை கொடுக்க ஆரம்பிக்கிறது. அதில் கால் மைலை ஓடி முடிக்கும் நொடிக் கணக்கில் 13.99, 11.49, 10.99, 9.99 என்று படிகள் உண்டு; எண் குறையக் குறைய வேகம் கூடும், கேட்பதும் கூடும். பையைக் காலி செய்யும் படி 11.49.

ஆகவே பாகம் வாங்குவதற்கு முன் இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். 11.50-க்கு மேலேயே இருப்பது ஒரு வழி. இறங்குவதென்றால் 10.00 வரைக்குமான வேலையை ஒரே மூச்சில் முடிப்பது இன்னொரு வழி. 11.30 போதும் என்று பாதியில் நிற்பதுதான் மோசமான கணக்கு. கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்ச் சட்டமான ரோல் பாரின் செலவு முழுதாக விழுந்திருக்கும். அடுத்த படிக்கான அச்சு வேலை பாக்கி நிற்கும்.

மேலேயே நின்றால்

13.99-க்குக் கீழே வந்ததுமே ஸ்னெல் என்ற ஹெல்மெட் தர அமைப்பின் முத்திரை உள்ள ஹெல்மெட் கட்டாயம். அதே படியில் கோடு வெட்டாத ரேஸ் டயரான ஸ்லிக் போட்டால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்டுக்கு லூப்பும் வேண்டும். சாதாரண ரோட்டு டயரில் 11.50 வரை அதற்கு விலக்கு உண்டு. லூப் என்பது ஷாஃப்டின் முன்முனை இணைப்பான யூ-ஜாயின்ட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள், ஷாஃப்டை முழுதாகச் சுற்றி நிற்கும் கால் அங்குல கனம், 2 அங்குல அகல இரும்புப் பட்டை. ஜாயின்ட் முறிந்தால் ஷாஃப்டின் முன்முனை தரையில் குத்திக் காரைத் தூக்கிவிடாமல் இருக்கத்தான் அது. ரோட்டு டயரோடு ஓடுகிறவரும் இதை முதலிலேயே மாட்டிவிடலாம். விலை அதிகமில்லை, ஸ்லிக் வாங்கும் ஆசை எப்படியும் வரும்.

மற்றவை ஒரு சனி, ஞாயிறில் முடியும்: குறைந்தது 16 அவுன்ஸ், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும் கூலன்ட் டப்பா, திராட்டிலைத் தானாக மூடும் ஸ்பிரிங், ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் ஸ்விட்ச், ஆடாத பேட்டரி. காற்று வடிகட்டிக்கு இடம் பண்ணுகிறேன் என்று கம்பெனி டப்பாவைக் கழற்றி எறிந்தவர்களும், பேட்டரியை ரப்பர் கயிற்றால் கட்டியவர்களும் வரிசையிலிருந்து திரும்பிப் போவது வழக்கம்.

சக்கரத்தின் நட்டு ஏறும் மரைத் தண்டான வீல் ஸ்டட்டை மட்டும் நிதானமாகப் பாருங்கள். நட்டுக்குள் ஏறும் மரையின் நீளம் ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. ஃபாக்ஸில் இருப்பது அரை அங்குல ஸ்டட், அங்குலத்துக்கு 20 மரை. நட்டு பிடித்ததிலிருந்து இறுகும் வரை 10 சுற்று வர வேண்டும். தடித்த அலுமினிய வீலோ ஸ்பேசரோ போட்டால் 6, 7 சுற்றிலேயே இறுகிவிடும். ஸ்டட் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும் என்பது தவறு. எண்ண வேண்டியது சுற்றை. குறைந்தால் நீள ஸ்டட் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இந்த வழியின் பலவீனம் குளிர். ஆகஸ்டில் 11.60 ஓடும் சூப்பர்சார்ஜர் வண்டி நவம்பர் இரவில், அதே டியூனில், 11.40-ஐத் தொட்டுவிடும். ரோல் பார் இல்லாமல் அந்த நேரம் அச்சிட்ட சீட்டு வந்தால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது என்றே வையுங்கள். இங்கேயே நிற்க நினைக்கிறவர் கோடையில் 11.80-ஐ இலக்காக வைப்பது நல்லது.

தாண்டினால்: கியர் எது?

11.49-இல் ரோல் பாரும், ரேஸ் பாகங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் 16.1 முத்திரை உள்ள ஐந்து முனை சீட் பெல்ட்டும், டயர் எதுவானாலும் லூப்பும் கட்டாயமாகின்றன. மேனுவல் வண்டிக்கு இதற்கு மேலும் சுமை உண்டு: எஸ்எஃப்ஐ 1.1 அல்லது 1.2 முத்திரை பெற்ற கிளட்ச், ஃப்ளைவீல், வெடித்தாலும் துண்டுகளை உள்ளே அடக்கும் எஸ்எஃப்ஐ 6.1 பெல் ஹவுசிங், அதாவது கிளட்ச்சை மூடும் கூடு. கம்பெனியின் அலுமினிய ஹவுசிங் செல்லாது. ஃப்ளைவீல் சிதறினால் ஓட்டுநரின் கால் இருக்கும் இடத்துக்குத்தான் வரும் என்பதால் இதில் யாரும் இரக்கம் காட்டுவதில்லை. ஆட்டோமேட்டிக்குக்கு இந்தப் படியில் அப்படி எதுவும் இல்லை, 10.99-இல்தான் எஸ்எஃப்ஐ 4.1 கவசம் கேட்பார்கள், அதையும் கியர்பாக்ஸ் மேலே போர்வை போலக் கட்டிவிடலாம். செலவு ஒன்றை வைத்து முடிவு செய்வதென்றால் 11.49-க்குக் கீழே ஆட்டோமேட்டிக்தான். மேனுவல் பிரியருக்கு இது கசக்கும்.

ரோல் பார்: மைல்டு ஸ்டீலா, குரோமோலியா?

மைல்டு ஸ்டீல் சாதாரண இரும்பு, குரோமோலி குரோமியமும் மாலிப்டினமும் கலந்த வலுவான எஃகு. இரண்டுக்கும் குழாய் வெளிவிட்டம் 1¾ அங்குலம். மைல்டு ஸ்டீலுக்குச் சுவர் குறைந்தது 0.118 அங்குலம், குரோமோலிக்கு 0.083. அடிக்கு எடை முறையே சுமார் 2.06, 1.48 பவுண்டு. 30 அடிக் குழாய் போனால் வித்தியாசம் 17 பவுண்டுதான். அந்த 17 பவுண்டுக்காகக் குரோமோலி வாங்கினால் டிக் வெல்டிங் தவிர வேறெதுவும் ஒப்புக்கொள்ளப்படாது. மைல்டு ஸ்டீலை மிக் வெல்டிங்கில் முடிக்கலாம். 10 நொடி வரைக்கும் மைல்டு ஸ்டீலே போதும். கடையில் வரும் 0.134 சுவர்க் கிட்டை எடுங்கள். வளைவில் குழாய் மெலியும். அதற்கு அந்த மிச்சம் ஈடு கொடுக்கும். பற்றவைத்த இடத்தை அழகுக்காகக் கிரைண்டரில் தேய்க்கக் கூடாது, சோதனையில் வண்டியைத் திருப்பி அனுப்ப அது ஒன்றே போதும்.

போல்ட்டா, வெல்டா என்பதிலும் தயக்கம் வேண்டாம். போல்ட் போடுவதும் விதிப்படி செல்லும்: ரோல் பாரின் ஒவ்வொரு காலுக்கும் நான்கு 3/8 அங்குல போல்ட், தரைத் தகட்டின் மேலும் கீழும் பிளேட். ஆனால் ஃபாக்ஸுக்குத் தனிச் சேஸிஸ் இல்லை. மெல்லிய தரைத் தகடு நாளடைவில் நசுங்க, போல்ட் தளரும். 6-க்கு 6 அங்குலம், 1/8 அங்குல கனப் பிளேட்டை முதலில் பற்றவைத்து அதன்மேல் காலை நிறுத்துவதே உறுதி.

நாலு கால் பார் என்று விற்கும் மலிவுச் சரக்கு இங்கே உதவாது. ஓட்டுநர் பக்கத்தில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவாகப் போகும் பக்கக் குழாய் கட்டாயம். தினமும் ஏறி இறங்க இடைஞ்சல் என்றால் பின் போட்டுத் திறக்கும் வகையை வாங்கலாம். மேல்வளைவு ஹெல்மெட்டுக்கு மேலே குறைந்தது 3 அங்குலமும், தலைக்குப் பின்னே 6 அங்குலத்துக்குள்ளும் நிற்க வேண்டும். இதை நீங்கள் ஹெல்மெட்டோடு, உங்கள் சீட்டில் உட்கார்ந்து அளக்க வேண்டும்; பிறகு உயரமான சீட்டு மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும். ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது அதே குழாய் தலைக்கு எமன். எஸ்எஃப்ஐ 45.1 பஞ்சு உறையைக் கழற்றி வைக்காதீர்கள்.

பேட்டரி: பானட்டிலா, டிக்கியிலா?

சுமார் 40 பவுண்டை மூக்கிலிருந்து எடுத்து வலப் பின்சக்கரத்தின் மேல் வைப்பது பிடிப்புக்கு நல்லதுதான். ஆனால் சோதனையில் தேவையில்லாமல் மாட்டிக்கொள்ளும் வழியும் அதுவே. பேட்டரியை இரண்டு 3/8 அங்குல போல்ட்டால் பிடிக்க வேண்டும். ஓட்டுநருக்கும் அதற்கும் நடுவே 0.024 அங்குல இரும்பு அல்லது 0.032 அங்குல அலுமினியத் தடுப்பு வேண்டும். ஹேட்ச்பேக்கில் தடுப்பு வைக்க இடமே இல்லை. அதனால் வெளியே காற்றுக்குழாய் விட்ட மூடிய பெட்டி வேண்டும், பேட்டரியைப் பிடித்திருப்பது அந்தப் பெட்டியாகவும் இருக்கக் கூடாது. படகுக் கடையின் பிளாஸ்டிக் பெட்டி செல்லாது.

இடம் மாற்றினால் பின்பக்கம் வெளியே மெயின் ஸ்விட்சும் வந்துவிடும். சோதிக்கிறவர் எஞ்சினை ஓடவிட்டு அதைத் திருப்புவார். எஞ்சின் அணைய வேண்டும். இரண்டு முனை ஸ்விட்ச் போட்ட வண்டி பெரும்பாலும் அணையாது. பேட்டரி பிரிந்தாலும் ஆல்டர்னேட்டர் இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

தீர்வு இரண்டு. ஆல்டர்னேட்டர் சார்ஜ் கம்பியைத் தனியாகப் பின்னே இழுத்து, ஸ்விட்சின் பேட்டரி பக்கத்தில் சேர்ப்பது ஒன்று. எஞ்சின் அணையும், ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் ஒரு தடித்த கம்பி வண்டி நெடுக உயிரோடு கிடக்கும். விபத்தில் மீட்க வருகிறவரை அது ஏமாற்றும். நான்கு முனை ஸ்விட்ச் மற்றது. பெரிய முனைகள் பேட்டரியையும், சின்ன முனைகள் இக்னிஷன் ரிலேயையும் ஆல்டர்னேட்டரை மின்சாரம் உண்டாக்க வைக்கும் ஃபீல்டு கம்பியையும் சேர்த்து வெட்டும். ஃபீல்டும் கூடவே போவதால் வோல்ட்டேஜ் எகிறிக் கம்ப்யூட்டரைச் சுடும் ஆபத்தும் குறையும். கம்பி வேலை கூடுதல் என்றாலும் நான்கு முனைதான் சரி. பாசிட்டிவ் பக்கத்தில் போடுங்கள், ஆஃப் என்று பெரிதாக எழுதுங்கள். தள்ளி இழுக்கும் வகை என்றால் தள்ளும்போது அணைய வேண்டும். 11.50-க்கு மேலே நிற்கிற வண்டிக்கு இந்த அத்தனை வேலையும் வீண்; பேட்டரி பானட்டிலேயே இருக்கட்டும்.

10.99-க்கு அச்சு

ஃபாக்ஸின் 8.8 அங்குலப் பின் அச்சில், சக்கரத்தைச் சுழற்றும் அச்சு ஷாஃப்டைப் பிடித்திருப்பது உள்ளே சி வடிவத்தில் இருக்கும் ஒரு சி-கிளிப் மட்டும். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். அதனால் இந்தப் படியில் தனியாக வாங்கிய ஷாஃப்டும், அதைக் குழாய் முனையிலேயே பிடித்து நிறுத்தும் அமைப்பும் வேண்டும். சி-கிளிப்புக்குப் பதிலாக போல்ட்டில் மாட்டும் எலிமினேட்டர் மலிவு, ஆனால் ரோட்டில் தினமும் ஓடினால் எண்ணெய் கசியும். 9 அங்குல ஃபோர்டு அச்சின் முனைகளை வெட்டிப் பற்றவைப்பதற்கு ஜிக் வைத்த பட்டறை தேவை, கசியாது. ரோட்டு வண்டிக்கு அதுவே. எஞ்சின் கிராங்க் முன்முனைக்கு, அதிர்வை அடக்கும் எஸ்எஃப்ஐ 18.1 பேலன்சரும் இதே படியில்தான்.

ஹெல்மெட்டில் மோட்டார் சைக்கிளுக்கான எம் வகை 10.00 வரை செல்லும். ஆனால் ரோல் பார் வைத்த வண்டிக்கு எஸ்ஏ வகையையே வாங்குங்கள்: உள்துணி தீயைத் தாங்கும், குழாயில் திரும்பத் திரும்ப மோதுவதற்கும் சோதிக்கப்பட்டது. பெல்ட்டின் இரண்டு வருட ஆயுள் தயாரித்த மாதத்திலிருந்து ஓடுகிறது, வாங்கிய நாளிலிருந்து அல்ல. கடையில் பல மாதம் தூங்கிய பெல்ட்டைத் தள்ளுபடியில் எடுக்கும் முன் அதன் லேபிளில் குத்தியிருக்கும் தேதியைப் பாருங்கள்.