மாட்டுத்தாவணிக்கு எது முதலில் வேண்டும்: வளைவா, கடக்க வழியா?

மதுரை மாட்டுத்தாவணியில் 1981 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த நக்கீரர் தோரணவாயில், நெரிசல் காரணமாக 2025 பிப்ரவரியில் இடிக்கப்பட்டது. இடிக்கும்போது தூண் சரிந்து, இயந்திரத்தை ஓட்டியவர் இறந்துபோனார். நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

அங்கே புது வளைவு வைத்தால் ஊர் வந்துவிட்ட நிறைவு கிடைக்கும், சரி. ஆனால் தூண்கள் மறுபடியும் சாலையை அடைக்கும். ஓரமாக ஒரு கல்லில் பெயர் பொறித்தாலே அழகுதான்.

எனக்கு முதலில் வேண்டியது பாதசாரிகள் கடக்கும் இடம். வெறும் வெள்ளைக்கோடு டயர் பட்டே தேய்ந்துவிடும். சாலையையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால் வண்டிகள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். நடுவில் ஒரு திட்டு இருந்தால் பாதி கடந்து நின்று, அப்புறம் மீதியைக் கடக்கலாம். பூ மார்க்கெட்டிலிருந்து தலையில் கூடையோடு வரும் அக்காவுக்கு இறங்கி ஏறுகிற சிரமமும் இருக்காது.