ஆன்லைன் டாக்டர் பேக்கேஜுக்கு 4,800 கட்டி ஏமாந்தோம்: வலி முதுகில் இருந்தாலும் குடல்வாலாக (அப்பெண்டிக்ஸ்) இருக்கலாம்

ஆத்திரம் அடங்கவில்லை, அதோடுதான் எழுதுகிறேன். வீடியோ காலில் டாக்டர், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது, குணமாகும்வரை கூடவே இருப்போம் என்று பேக்கேஜ் விற்கும் ஆப் ஒன்று. முன்பணம் 4,800 கட்டினோம்.

வீட்டுக்காரருக்கு வலப்பக்கம் விலாவுக்குக் கீழே, முதுகோடு சேர்ந்து வலி. அடிக்கடி சிறுநீர். சாப்பாட்டைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. சிறுநீரில் சீழ் செல்கள். தொற்று இருந்தால் ரத்தத்தில் ஏறும் வெள்ளையணு நார்மல். திரையில் இருந்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அப்பெண்டிக்ஸ்னா தொப்புள்கிட்ட ஆரம்பிச்சு வலது அடிவயித்துக்கு இறங்கும்மா. இது யூரின் இன்ஃபெக்‌ஷன்தான், நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவு கனிவான குரல். அந்த "நான் பாத்துக்கறேன்"ஐத்தான் நம்பினோம். வயிற்றைத் தொட்டே பார்க்காதவர், நேரில் ஒரு சர்ஜனிடம் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. வலது காலை நீட்ட முடியாமல் முட்டியை மடக்கியே கிடந்தார். இருமல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். அப்படியே ஆப்பில் எழுதினேன். "கோர்ஸை முடியுங்கள்" என்று பதில். மறுபடி கூப்பிட்டால் வேறொரு டாக்டர், கதை முதலிலிருந்து. அப்புறம் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது". அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு ராத்திரி வலி சட்டென்று விட்டது. அப்பாடா என்று படுத்தோம். விடிவதற்குள் வயிறு கட்டையாக இறுகி, உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் எடுத்ததும் தெரிந்துவிட்டது: குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்து கிடந்து, வெடித்திருக்கிறது. அப்படிக் கிடந்தால் வலி முதுகுப்பக்கம் காட்டுமாம். பக்கத்தில் ஓடும் சிறுநீர்க்குழாயை அந்த வீக்கம் உறுத்தினால் சிறுநீரிலும் சீழ் செல் வருமாம். வெள்ளையணு ஏறாமலும் இருக்கலாம் என்றார் சர்ஜன்.

4,800ஐத் திருப்பிக் கேட்டேன். "ஆலோசனை வழங்கப்பட்டுவிட்டது, ரீஃபண்ட் கிடையாது." எந்த ஆலோசனை? உயிர் போயிருக்கும். அதற்கா 4,800?

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வயிற்றுவலி கூடிக்கொண்டே போனால், கையால் அழுத்திப் பார்க்கும் டாக்டரிடம் ஓடுங்கள். குடல்வால் இடுப்புக்குழிக்குள் இறங்கியிருந்தால் வெறும் வயிற்றுப்போக்கு மாதிரியும் தெரியும். அல்ட்ராசவுண்டில் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. சிடி வேண்டுமா என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு வலியே கம்மியாகத்தான் காட்டும். வலி திடீரென்று நின்றால் குடல்வால் வெடித்திருக்கலாம், படுக்காதீர்கள், கிளம்புங்கள். முன்பணம் மட்டும் கட்டவே கட்டாதீர்கள்.